அடித்துப் பார்க்கிற அக்கா

கடையைத் திறந்ததும் அக்கா முதலில் சாமிப்படத்துக்கு விளக்கு வைக்கமாட்டார். சுத்தியலை எடுத்துக் கண்ணாடி அலுமாரியின் மேல் வைப்பார். விளக்கு அதற்குப் பிறகுதான்.

"வாறவன் முதல் இதைப் பாக்கட்டும். சாமியைப் பிறகு பாக்கலாம்" என்பார்.

கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் அவருடைய கடை. சண்டை நின்று வவுனியாவிலிருந்து பாதை திறந்த காலம் அது. பல வருசமாகச் சவர்க்காரத்துக்கும் பற்றரிக்கும் அலைந்த சனத்தின் முன்னால் சாமான்கள் ஒரேயடியாக வந்து கொட்டின. பிளாஸ்ரிக் கதிரை, பூட்டு, ரேடியோ, பாடுகிற பொம்மை, மினுங்குகிற செருப்பு. சனம் ஆசைப்பட்டு வாங்கியது. வாங்கிய கிழமையே பாதி உடைந்தது. அக்காவின் கடையில் வாங்கியவை மட்டும் உடையவில்லை. உடையக்கூடியவை எல்லாவற்றையும் அவரே முன்கூட்டி உடைத்துவிடுவார்.

ஆமைப்பூட்டு கேட்டு யாராவது வந்தால், பூட்டைச் சீமெந்துப் படியில் வைத்து ஓங்கி ஒரு அடி. வாய் பிளந்தால் வாசலில் இருந்த வாளிக்குள் அதை எறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பார். ரோச் லைற்றை வாங்குகிறவரின் காலடியில் போடுவார். குடையை விரித்து அதன் காம்பைக் கோழிக் கழுத்துப்போலத் திருகுவார். செருப்பு வாரைப் பல்லால் கடித்து இழுப்பார். லைற்றரைத் தன் முழங்கைக்குக் கீழே பிடித்துக் கொளுத்துவார். அந்தக் கை முழுவதும் சிறிய சூட்டுத் தழும்புகள்.

"என்ர கையில உடைஞ்சால் சாமான்தான் உடையும். உன்ர கையில உடைஞ்சால் என்ர கடை உடையும்" என்று வாங்க வந்தவர்களிடம் சொல்வார்.

மனிதர்களிடமும் அப்படித்தான். நான் வேலை கேட்டுப் போன அன்று, நான் வாய் திறப்பதற்குள் ஒரு அலுமினியச் சட்டியை என் காலடியில் எறிந்தார். அது தரையில் பட்டு வீதிவரை உருண்டது. நான் அசையவில்லை. "நீ ஓடேல்லை. நாளைக்கு வா" என்றார். உண்மையில் எனக்குக் கூச்சத்தில் கால் எழும்பவில்லை. அதை அவருக்கு நான் சொல்லவேயில்லை. முன்பின் தெரியாதவர்களுடன் பேசுவது எனக்கு இப்போதும் கஷ்டம். நான் முணுமுணுத்தால் முதுகில் ஒரு குத்து விழும். "வாயைத் திற பிள்ளை. உன்ர குரல் உனக்கே கேக்காட்டில் சனத்துக்கு எப்பிடிக் கேக்கும்?"

அவர் கலியாணம் செய்யவில்லை. எதிரே தையல்கடை வைத்திருந்தவர் அதைப் பற்றி வீதிக்குக் கேட்கத்தான் பகிடி விடுவார்.

"மாப்பிள்ளையள் வந்தவங்கள்தான். சுத்தியலைக் கண்டிட்டு ஓடிட்டாங்கள்."

"ஓடினவங்கள் கெட்டிக்காரங்கள்" என்று அக்கா இங்கிருந்து பதில் சொல்வார். "நீ அம்பிட்டு நிக்கிறாய். உன்ர மனுசி உனக்கு அடிக்கிற சத்தம் இஞ்ச கேக்குது."

எங்களுக்குச் சாமான் கொண்டு வருகிறவர் முல்லைத்தீவு முஸ்லிம் வியாபாரி ஒருவர். இடம்பெயர்ந்து போய்ப் பாதை திறந்ததும் திரும்பி வந்தவர். சின்ன வானில் வவுனியாவிலிருந்து வருவார். அக்காவும் நானும் அவரை நானா என்று கூப்பிடுவோம். அவர் வந்தால் முதலில் தேத்தண்ணி, பிறகு சண்டை, சண்டை முடிந்தால் இன்னொரு தேத்தண்ணி.

அந்த நானாதான் ஒருநாள் லேசர் லைற் கொண்டுவந்தார். ஒரு மட்டையில் வரிசையாகக் குத்திய, விரலளவு குழாய்கள். பொத்தானை அமத்தினால் தூரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். கிளிநொச்சி முழுக்க அப்போது அதுதான் ஆசை. வகுப்பில் காட்டலாம், பூனையை ஓடவிடலாம், கோயில் திருவிழாவில் கோபுரத்தில் அடிக்கலாம்.

"விலை குறைஞ்ச சாமான் அக்கா. இதுக்குமா வழக்கு வைக்கப்போறீங்க?" என்று நானா வரும்போதே சிரித்துக்கொண்டு கேட்டார்.

அக்கா மட்டையைக் கிழித்து, ஒவ்வொன்றின் பொத்தானிலும் றப்பர் வளையம் சுற்றும்படி என்னிடம் சொன்னார். சுற்றினால் லைற் அணையாமல் எரியும். பிறகு ஒன்றைக் கண்ணாடி அலுமாரியின் மேல் படுக்க வைத்து, ஒரு விரலால் மெல்ல உருட்டினார். எதிர்ச் சுவரில் விழுந்த புள்ளி ஒரு இடத்தில் நிற்கவில்லை. குழாய் உருள உருள அது சுவரில் வட்டம் போட்டது.

"பாத்தியோ நானா? உள்ளுக்க கோணலா வைச்சு ஒட்டியிருக்கிறாங்கள். பிடிக்கிறது ஒரு பக்கம், அடிக்கிறது இன்னொரு பக்கம்."

"அட, ஆர் அக்கா இதை உருட்டி விளையாடப்போறான்?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் குழாயைச் சீமெந்துப் படியில் வைத்து அக்கா சுத்தியலை இறக்கினார். கண்ணாடித் துண்டும் பித்தளையும் நானா உடுத்திருந்த சாரத்தில் தெறித்தன. அவர் தலையில் கைவைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார்.

அன்று மத்தியானம் வரைக்கும் சோதனை நடந்தது. வட்டம் போட்டவை செத்தன. படியில் போட்டு எடுக்கையில் அணைந்தவை செத்தன. கேத்திலில் தண்ணீர் கொதிக்கும்வரை எரியவிட்டபோது சூடாகி மங்கியவை செத்தன. கடையின் இருட்டு மூலையில் இருந்து அடித்துப் பார்க்கையில் புள்ளி சிதறி மூக்குப்பொடிபோலத் தெரிந்தவையும் செத்தன. மிஞ்சியவை கொஞ்சம்தான். அவற்றில் ஒன்றை அக்கா கையில் எடுத்து, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, இடது கண்ணுக்கு நேரே பிடித்து அமத்தினார்.

"அக்கா! கண்!" என்று நானா பாய்ந்து கையைத் தட்டிவிட்டார்.

"விளையாட்டுச் சாமான் எண்டாய். பிள்ளையள் கையில வைச்சால் கண்ணில தானே அடிக்குங்கள். என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியவேணும்."

நடந்தது என்னவென்றால், அதன்பிறகு அந்தக் கண்ணால் பார்க்கிற இடமெல்லாம் ஒரு கறுத்த பொட்டு. நாளாக ஆக மங்கியதே தவிர முழுதாகப் போகவில்லை. கோபம் வந்தால் பெரிசாகுது என்பார். நானா அடுத்தமுறை வந்தபோது அக்கா அவரைத் திட்டவில்லை. அவர்தான் அழுதார். "நான் கொண்டுவந்த சாமான்" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

அதற்குப் பிறகும் மிஞ்சிய லைற்றுகளை அக்கா விற்றார். ஆனால் வாங்குகிற ஒவ்வொருவரிடமும், "ஆரின்ரயும் கண்ணில அடிச்சியோ, வீட்டை வந்து உன்ர கண்ணைத் தோண்டுவன்" என்று சொல்லித்தான் கொடுப்பார். சும்மா சொல்கிறார் என்று ஒருவன் நினைத்தான். நல்ல உடுப்புப் போட்ட வாலிபன். லைற்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, வீதியால் சைக்கிளில் போன ஒரு பெட்டையின் முகத்தில் அடித்தான். அவள் கண்ணை மூடி, சைக்கிளோடு மதகில் மோதி விழுந்தாள். அவன் சிரித்தான். அக்கா அவன் கையைப் பிடித்து இழுத்து, அலுமாரிக் கதவின் இடுக்கில் வைத்துக் கதவை அறைந்து சாத்தினார். எலும்பு முறிகிற சத்தத்தை நான் முதல்தடவை கேட்டது அன்றுதான். அவன் கத்தினான். அக்கா கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, மதகடியில் கிடந்தவளைப் பார்த்து, "பிள்ளை, எழும்பு. பயப்பிடாத. இவன் இனி அடிக்கமாட்டான்" என்று மெல்லிய குரலில் சொன்னார்.

அவரில் எனக்கு இருந்தது அன்பா பயமா என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது.

மேசன் அண்ணை வந்தது அந்தக் கிழமையோ அடுத்த கிழமையோ. மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வட்டக்கச்சிப் பக்கம் குடியிருந்த குடும்பம். வீடுகட்டுகிற வேலை. மெலிந்த மனிதர். என்னைப்போலவே தலையைக் குனிந்துகொண்டுதான் பேசுவார்.

"அம்மா, நேரா போற லைட்டு ஒண்ணு வேணுங்க. நீர்மட்டத்தோட சேத்துக் கட்டணும். அத்திவாரத்துக்கு இந்த மூலையில இருந்து அந்த மூலைக்கு மட்டம் பாக்கத்தாங்க. புள்ளி கோணலா போச்சுன்னா சுவரே கோணலாயிடும்."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். உருட்டிப் பார்த்ததற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது என்று சொல்ல வந்த முதல் ஆள் அவர்தான். மிஞ்சியிருந்தவற்றை மறுபடி ஒவ்வொன்றாக அலுமாரிமேல் உருட்டினார். எல்லாமே கொஞ்சமாவது ஆடின. ஒன்றின் புள்ளி மட்டும் சுவரில் ஆணி அடித்ததுபோல நின்றது.

"இது உனக்கு. இதைவிட நல்லது இலங்கையில இல்லை."

மேசன் அண்ணை அதை இரண்டு கையாலும் வாங்கினார். பிறகு சந்தைப் பக்கம் வந்தால் கடை வாசலில் நின்று, "இன்னும் நேராத்தான் போகுதுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார்.

சண்டை திரும்பி வந்தது. கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்ட அன்று, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றக்கூடியதை ஏற்றினோம். மிச்சத்தை அக்கா உடைத்தார். கண்ணாடி அலுமாரியைக்கூட விடவில்லை. "ஆரோ வந்து உடைக்கிறதைவிட நான் உடைக்கிறன்" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். கண்ணாடி கீறி முகத்தில் இரத்தம் வடிந்தது. சுத்தியலை அந்தக் குவியலுக்குள்ளேயே எறிந்துவிட்டு வந்தார்.

இடம் மாறி மாறி, விசுவமடுவுக்கும் அங்காலே ஒரு தென்னங்காணியில் நாங்கள் தறப்பாள் கட்டி இருந்தபோது மாரி மழை பிடித்தது. செல்லுக்கு ஒளிய வெட்டிய பங்கர்க் குழிக்குள் இடுப்பளவு தண்ணீர். செல் வந்தால் தண்ணீருக்குள் இறங்கவேண்டும், இறங்காவிட்டால் வெளியே நின்று சாகவேண்டும். மேசன் அண்ணையும் அதே காணியில்தான் இருந்தார். ஒரு பின்னேரம், வெளிச்சம் மங்குகிற நேரம், அவர் தன் நீர்மட்டத்தையும் அதில் சைக்கிள் ரியூப்பால் கட்டியிருந்த லைற்றையும் எடுத்துக்கொண்டு பங்கர்கள் இருந்த பக்கம் முழுக்க நடந்தார். நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்து வாய்க்கால் வெட்டினால் எல்லாருடைய பங்கரிலும் தண்ணீர் வடியும். சிவப்புப் புள்ளி தறப்பாள்களின்மேலும் தென்னைகளின்மேலும் ஊர்ந்து போனதை எல்லாரும் பார்த்தோம். சின்னப் பிள்ளைகள் அதைப் பிடிக்க ஓடினார்கள்.

அடுத்தநாள் காலையில் ஒரு செல் அந்தத் தென்னைகளுக்கு நடுவே விழுந்தது. துணுக்காயிலிருந்து வந்த, வயல் செய்கிற கமக்காரர் ஒருவர் தன் ஒரே மகளோடு அங்கே இருந்தார். மகள் அடுப்படியில் தேத்தண்ணி வைத்துக்கொண்டு இருந்தவள். அவளில் மிஞ்சியதை ஒரு சேலையில் சுற்றி வைத்தார்கள்.

யார் முதலில் சொன்னது என்று தெரியாது. "நேற்று மேசன் இந்த மரத்துக்குத்தானே சிவப்பு லைற் அடிச்சவன்" என்று ஒரு குரல் கேட்டது. அதன்பிறகு அது ஒரு குரல் இல்லை.

"குறி காட்டியிருக்கிறான்!"

"மேல வண்டு சுத்துது, கீழ இவன் லைற் அடிக்கிறான்!"

வண்டு என்பது மேலே நாள்முழுக்க இரைந்துகொண்டு சுற்றுகிற ஆளில்லாத விமானம். அது பார்த்த இடத்தில் செல் விழும் என்று நாங்கள் நம்பினோம்.

மேசன் அண்ணையை வாய்க்காலுக்குள் இருந்து இழுத்தெடுத்தார்கள். தறப்பாள் தடியால் அடித்தார்கள். விழுந்தவரை உதைத்தார்கள். ஒரு பெண் அவர் முகத்தில் காறித் துப்பி, "தோட்டக்காட்டானை நம்பி இருந்தமே" என்று கத்தினாள். "தண்ணி வடியத்தாங்க பாத்தேன், தண்ணி வடியத்தாங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பல் உடைந்த பிறகு சொல்லும் உடைந்தது. கயிறு கொண்டுவந்து ஒரு தென்னையோடு கட்டினார்கள். துணுக்காய்க்காரர் எல்லாருக்கும் பின்னால் இருந்து நடந்து வந்தார். அவர் கையில் பங்கர் வெட்டுகிற இரும்பு அலவாங்கு. சனம் அவருக்கு வழி விட்டது.

அப்போதுதான் அக்கா வந்தார். வரும்போதே, நீர்மட்டத்தைக் கையில் வைத்திருந்தவனிடமிருந்து அதைப் பறித்தார்.

"இது என்ர கடைச் சாமான். நான் வித்தது."

"அப்ப நீயும் கூட்டோ?" என்று அவன் கேட்டான். அவன் கன்னத்தில் விழுந்த அறையில் அவன் பக்கத்தில் நின்றவரின்மேல் சாய்ந்தான்.

துணுக்காய்க்காரர் மட்டும் கத்தவில்லை. "அக்கா, தள்ளுங்கோ" என்றார். பிறகு, "ஒண்டு கேக்கிறன். இது எவ்வளவு தூரம் போகும்?" என்றார்.

இது மலிவுக் குப்பை, வீதிக்கு அந்தப் பக்கம்கூடப் போகாது என்று அக்கா சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். சொல்லிவிடுங்கள் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"பொழுதுபட்டால் இந்தக் காணியின்ர அந்த எல்லைக்குப் போகும்" என்றார் அக்கா. "நல்ல சாமான். நான் பாத்துத்தான் குடுத்தனான். ஆனால் வானத்தில இருக்கிறவனுக்கு இதால ஒண்டும் சொல்லேலாது. இந்தா, இப்ப அடிக்கிறன், பார்." வெயில் ஏறிவிட்டிருந்தது. இரண்டு முழத்துக்கு அப்பால் புள்ளி எங்களுக்குத் தெரியவில்லை.

"எங்கட கண்ணுக்குத் தெரியாது. மேல இருக்கிறதுக்குத் தெரியும்" என்றது கூட்டம்.

அக்கா கையில் இருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு பழைய தறப்பாளை இழுத்துக்கொண்டு போய், மரமும் பங்கரும் இல்லாத வெட்டையில் விரித்து, அதன் நடுவில் சம்மணம் கட்டி இருந்தார். ரியூப்பைப் பொத்தானின்மேல் இறுக்கிச் சுற்றி, லைற்றைத் தன் நெஞ்சுக்கு நேரே பிடித்தார்.

"இது குறி எண்டுதானே சொல்லுறியள். இந்தா, குறி என்ர நெஞ்சில கிடக்கு. வெயில் சாயுமட்டும் இருக்கிறன். விழாட்டில் மேசனை அவிட்டு விடவேணும்."

"விழுந்தால்?" என்றார் துணுக்காய்க்காரர்.

"விழுந்தால் நான் கேக்க வரமாட்டன். நீங்கள் உங்கட விருப்பத்துக்குச் செய்யுங்கோ."

அது நியாயமான சோதனை இல்லை. அந்தக் காணியில் லைற் அடித்தாலும் செல் விழும், அடிக்காவிட்டாலும் விழும். அன்றைக்கு அவர் தலையில் ஒன்று விழுந்தால் மேசன் அண்ணையும் செத்தார். அது அக்காவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அந்தக் கூட்டம் ஏற்றுக்கொள்ளக்கூடிய வேறு சோதனை ஒன்றும் இருக்கவில்லை.

மரத்தில் கட்டியிருந்த மேசன் அண்ணை அழுதார். "வேணாங்கம்மா. எந்திரிச்சுப் போங்க. என்னய அடிச்சா அடிச்சுட்டுப் போறாங்க."

"வியாபாரம் நடக்கேக்க குறுக்க கதைக்காத" என்றார் அக்கா.

வண்டு மேலே இரைந்தது. சனம் பங்கர் வாசல்களில் குந்தி இருந்து அவரைப் பார்த்தது. பங்கருக்கு வெளியே இருந்தது அவரும், கட்டப்பட்டிருந்த மேசனும், அலவாங்கோடு நின்ற துணுக்காய்க்காரரும்தான். துணுக்காய்க்காரர் பங்கருக்குப் போகவில்லை. போகவேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை என்று நினைக்கிறேன்.

முதல் கூவல் கேட்டதும் நாங்கள் எல்லாரும் சேற்றுக்குள் முகத்தைப் புதைத்தோம். எங்கோ தூரத்தில் வெடித்தது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். அக்கா அசையவில்லை. லைற் பிடித்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். அடுத்தது கிட்ட விழுந்தது. மண் அவர்மேல் கொட்டியது. கண்ணில் விழுந்த மண்ணைத் துடைக்காமல் இருந்தார்.

"பயமில்லையோ?" என்று துணுக்காய்க்காரர் கேட்டது எனக்குக் கேட்டது.

"பயம்தான். மூத்திரம் போற மாதிரிக் கிடக்கு."

அவர் அலவாங்கை நிலத்தில் ஊன்றினார். பிறகு, "தேத்தண்ணிக்குச் சீனி இல்லை அப்பா எண்டு சொன்னவள்" என்றார். "சீனி கேட்டு வாறன் எண்டு நான் எழும்பிப் போனனான். இல்லையெண்டால் நானும் அங்கதான்."

"பெயரென்ன பிள்ளைக்கு?"

அவர் சொன்னார். அக்கா அந்தப் பெயரை ஒருதடவை திருப்பிச் சொன்னார்.

"ஆரோ ஒருத்தன் பதில் சொல்லவேணும் அக்கா. ஆரும் பதில் சொல்லாமல் என்னெண்டு நான் அவளைப் புதைக்கிறது?"

அக்கா லைற்றை நெஞ்சுக்கு இன்னும் கிட்டக் கொண்டுவந்தார்.

வெயில் சாயத் தொடங்கியபோது அது வந்தது. ஒன்றல்ல, தொடர்ந்து பல. கூவல் எங்கள் தலைக்கு மேலால் போய், காணியின் மேற்கு மூலையில், கஞ்சிக்கு வரிசையில் நிற்கிற இடத்தில் விழுந்தது. தென்னைகள் முறிந்தன. கரும்புகை எழும்பியது. அந்த மூலைக்கு மேசன் அண்ணை போனதே இல்லை. நேற்று அங்கே எந்தச் சிவப்புப் புள்ளியும் விழவில்லை.

அக்கா துள்ளி எழும்பினார்.

"பாத்தியளோ! பாத்தியளோ! அங்க ஆர் லைற் அடிச்சது? சொல்லுங்கோவன் இப்ப! அங்க ஆர் குறி காட்டினது?"

கடையில் ஒரு பூட்டு அடி தாங்கி நின்றால் வருகிற அதே குரல். பங்கர் வாசல்களில் சனம் எழும்பி நின்றது. அவர்களின் முகத்திலும் ஒரு தெளிச்சி வந்ததை நான் கண்டேன். என் நெஞ்சும் லேசாகியது. மேசன் தப்பிவிட்டார் என்றுதான் எங்கள் எல்லாருக்கும் முதலில் தோன்றியது.

பிறகுதான் மேற்கு மூலையில் இருந்து அழுகிற சத்தம் எழும்பி எங்களிடம் வந்தது.

அக்காவின் வாய் திறந்தபடி நின்றது. கை உயர்ந்தது. யாருக்கோ விழப்போகிறது என்று நினைத்தேன். தன் வாயிலேயே அறைந்தார். திரும்ப அறைந்தார். உதடு வெடித்து இரத்தம் வரும்வரைக்கும் அடித்தார். ஒருவரும் கிட்டப் போகவில்லை.

துணுக்காய்க்காரர் அலவாங்கைக் கீழே போட்டுவிட்டு மேசனின் கட்டை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தார். கயிறு விட்டதும் மேசன் அண்ணை அவர் தோளில் சரிந்தார். அக்கா, தான் இருந்த தறப்பாளை மண்ணில் இருந்து உதறி எடுத்து, அதன் ஒரு மூலையை மேசனின் கையிலும் ஒரு மூலையைத் துணுக்காய்க்காரரின் கையிலும் திணித்தார். மூன்றாவது மூலையை என்னிடம் நீட்டினார்.

"பிடி. ஓடு."

கஞ்சிக் கிடாரத்துக்குப் பக்கத்தில் நாங்கள் தூக்கியது ஒரு கர்ப்பிணியை. உயிர் இருந்தது. மருந்து கட்டுகிற இடம் காணிக்கு வெளியே, வயலைத் தாண்டி. நாங்கள் நாலு பேரும் தறப்பாளின் நாலு மூலையிலும் பிடித்துக்கொண்டு வரம்பில் நடந்தோம். துணுக்காய்க்காரர் முன்னால். அவருக்குப் பின்னால், அதே பக்கத்தில், மேசன். முகம் வீங்கி மேசனின் இரண்டு கண்ணும் மூடிவிட்டிருந்தன. அக்கா என் பக்கத்தில் முன்னால் நடந்தார். அவருடைய உதட்டில் இருந்து வடிந்த இரத்தம் தாடையில் காய்ந்திருந்தது. வழியில் பேசியது துணுக்காய்க்காரர்தான். திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"முன்னுக்குக் குழி ஒண்டு கிடக்கு மேசன். இந்தப் பக்கமா வாங்கோ."

"சரிங்க."

"இன்னொண்டு. காலைத் தூக்கி வையுங்கோ."

"சரிங்க."